சின்னவள் எடுத்த ரத்தம்

பிப்ரவரி 11

சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். கடிதம் என்றால் நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பாடத்தோடு என் படிப்பும் நின்றது. இந்தத் தடவை நான் விசாரிக்கப் போவதில்லை.

நீ தினமும் போன் அடிப்பது தெரிகிறது. எடுக்க மாட்டேன். எடுத்தால் நீ அழுவாய். நீ அழுதால் எனக்குத் தாங்காது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உன் மூக்கைத் துடைத்துவிட்டதும் என் கோபம் போய்விடும். இந்தக் கோபம் போகக்கூடாது. அதனால்தான் காகிதம். நீயும் காகிதத்திலேயே பதில் போடு.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். போகிறபோது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரி சொன்னது காதில் விழுந்தது. "நல்ல மனுஷன்தான், பாவம். குடிச்சுக் குடிச்சு ஈரலக் கெடுத்துக்கிட்டாரு." அவள் புருஷன் ஆமாம் என்று தலையாட்டினான். அவன் தினமும் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவன்.

நான் வெளியே போய், என் வீட்டுக்காரர் ஒரு சொட்டு தொட்டதில்லை என்று நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நானே நம்பாததை எப்படிச் சொல்வேன்?

போன வருஷம் அவருக்குக் கால் வீங்கி, வயிறு வீங்கி, ஈரல் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னாரே, அன்றைக்கு நான் உன்னிடம்தான் ஓடி வந்தேன். "ஏண்டி, நீ ரத்தம் பாக்கிற எடத்துல வேலை செய்யிறவ. ஈரல் எதனாலடி சுருங்கும்?" என்று கேட்டேன். "பல காரணம் இருக்குக்கா" என்றாய். "குடிச்சாலா?" என்றேன். "குடிச்சாலும் சுருங்கும்" என்று சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாய்.

அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நான் ஆடாத ஆட்டம் ஆடினேன். பணிமனையிலிருந்து அவர் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, "வாயத் திறங்க" என்பேன். டாக்டர் முன்னால் குழந்தை திறக்கிற மாதிரி திறப்பார். கிரீஸ் வாடையும் டீ வாடையும்தான் வரும். அதுவும் போதாமல் ஒருநாள் பணிமனைக்கே போனேன். அத்தனை மெக்கானிக் முன்னாலும், "எங்க வீட்டுக்காரர் யாரோட சேந்து குடிக்கிறாரு?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன், "அவரு சோடாவே குடிக்க மாட்டாரும்மா, ஏப்பம் வரும்னு பயம்" என்றான். ஒரு பஸ்ஸுக்கு அடியிலிருந்து அவர் தலை மட்டும் வெளியே வந்தது. என்னைப் பார்த்தார். மறுபடி பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டார்.

இன்னொன்றும் உனக்குத் தெரியும். முதுகு வலி என்று சொல்லி, வருஷக்கணக்காக அவர் கூடத்தில் தனியாகப் படுத்தார். வேறு எவளாவது இருப்பாளோ என்று வெட்கத்தை விட்டு உன்னிடம்தான் கேட்டேன். நீ சிரித்தாய். "மாமாவா? அந்த மூஞ்சிக்கா?" என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் வந்தாரே. பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நான் தலைமாட்டில் நின்றேன். "உங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கறது எத்தனை வருஷமா தெரியும்?" என்று கேட்டார். "ஆறு வருஷமா" என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தார். அங்கே நீ நின்றாய். குளுக்கோஸ் பாட்டிலில் ஒட்டியிருந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாய். அதில் படிக்க அப்படி என்னடி இருந்தது?

அதற்கு அப்புறம் அவர் தண்ணீர் மட்டும்தான் கேட்டார். கேள்வி கேட்க எனக்கு அவகாசம் கொடுக்காமலே போய்விட்டார். மிச்சம் இருப்பது நீதான்.

உனக்குத் தெரியுமா, தெரியாதா? சுற்றி வளைக்காமல் எழுது.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 19

அன்புள்ள அக்கா,

தெரியும்.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு நேற்று முழுக்க மேலே எழுத முடியவில்லை. நீ கேட்டபடி சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பணிமனையில் ஜாக்கி சரிந்து ஒரு மெக்கானிக் நசுங்கினாரே, அவருக்கு ரத்தம் கொடுக்க எல்லோரும் வந்தார்கள். மாமாவும் வந்தார். நான் அப்போது அந்த ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் இருந்தேன். யார் கொடுத்த ரத்தமானாலும் நாங்கள் சோதித்துப் பார்க்காமல் இன்னொருவருக்கு ஏற்ற மாட்டோம். ஒரு சோதனைப் பட்டையில், ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை ஒரு சொட்டு விடுவோம். ஒரு கோடு விழுந்தால் நல்லது. இரண்டு கோடு விழுந்தால் கிருமி இருக்கிறது. ஒரு பைக்கு இரண்டு கோடு விழுந்தது. மறுபடி பார்த்தேன், மறுபடியும் இரண்டு. பையில் எண் மட்டும்தான் இருக்கும். தனியாக எடுத்து வைத்த பிறகுதான் அது யாருடையது என்று எனக்குத் தெரிந்தது.

மாமாவை சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப் போய்ச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்படி வந்துச்சு?" பிறக்கும்போது தாயிடமிருந்து வந்திருக்கலாம், சரியாகக் கழுவாத ஊசியிலோ சவரக் கத்தியிலோ வந்திருக்கலாம், ஆண் பெண் சேர்க்கையிலும் வரும், எதில் வந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றேன். ஆண் பெண் சேர்க்கை என்றதை மட்டும்தான் அவர் பிடித்துக்கொண்டார். "உங்கக்கா அதைத்தான் நெனப்பா. அவகிட்ட சொல்லாத" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் அக்கா. மாமா அழுது நீ பார்த்திருக்கிறாயா? நான் அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி இருக்கிறது. யார் ரத்தமோ அவரிடம்தான் முடிவைச் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்றால் பெற்ற தாயிடம்கூடச் சொல்லக்கூடாது. அது நல்ல விதி. இல்லாவிட்டால் பயந்துகொண்டு ஒருவரும் சோதனைக்கே வரமாட்டார்கள்.

ஆனால் உன்னை நான் விட்டுவிடவில்லை. அந்த மாதம் சுகர் பார்க்கிறேன் என்று உன் ரத்தத்தை எடுத்தேனே, அது சுகருக்கு இல்லை. உனக்குக் கிருமி இல்லை என்று தெரிந்ததும் நான் கழிவறைக்குள் போய் அழுதேன். பிறகு சத்து ஊசி என்று சொல்லி மூன்று தடவை போட்டேன். முதல் ஊசி அன்று, இரண்டாவது அடுத்த மாதம், மூன்றாவது அரை வருஷம் கழித்து. அது இந்தக் கிருமிக்குத் தடுப்பூசி. மாமா தனியாகப் படுத்ததும் இதற்காகத்தான். ஊசி போட்டாயிற்று, இனி பயமில்லை என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை.

அவரை டாக்டரிடம் அனுப்பினேன். மாத்திரை கொடுத்தார்கள். தினமும் ஒன்று, நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். வீட்டில் வைத்தால் நீ பார்த்துவிடுவாய் என்று பணிமனையில் கருவிப் பெட்டிக்குள் வைத்துச் சாப்பிட்டார். வேறு பணிமனைக்கு மாற்றினார்களே, அங்கே பெட்டி எல்லோருக்கும் பொது. அப்போது நிறுத்திவிட்டார். எனக்கு அது வெகுநாள் தெரியாது. கேட்டால் "சாப்பிடறேன்மா, சாப்பிடறேன்" என்பார்.

இப்போது முக்கியமான விஷயம். இதற்காகவாவது என் கடிதத்தைக் கிழிக்காமல் படி. உன் பெண் குட்டியின் ரத்தத்தை இதுவரை யாரும் சோதிக்கவில்லை. அப்போது அவள் விடுதியில் படித்துக்கொண்டிருந்தாள். பார்க்கலாம் பார்க்கலாம் என்றே மாமா தள்ளிவிட்டார். சின்ன வயதிலேயே, காயத்திலோ புண்ணிலோ ரத்தம் பட்டு, அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்திருக்கலாம். கர்ப்பிணிகளுக்கு இந்தச் சோதனை எப்போதும் எடுப்பார்கள். ஆனால் நம் குட்டி ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்து, விரலில் குத்தி ரத்தசோகை மட்டும் பார்த்ததோடு எழுந்து வந்துவிட்டாளாம். போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவளுக்கு இப்போது ஆறாம் மாதம். அவளுக்குக் கிருமி இருந்தால், பிரசவத்தில் குழந்தைக்கும் வரக்கூடும். முன்னாலேயே தெரிந்தால் தடுக்கலாம். பிறந்த அன்றே குழந்தைக்கு இரண்டு ஊசி போட வேண்டும், தடுப்பூசி ஒன்று, கிருமியை உடனே எதிர்க்கிற மருந்து ஒன்று. தெரியாமல் விட்டால், மாமாவுக்கு வந்தது அந்தக் குழந்தைக்கும் வரலாம்.

அவளுடைய வீட்டாருக்குத் தெரியாமல் நானே எடுத்துவிடுகிறேன். வேறு பெயர் போட்டுக்கொள்ளலாம். நீ அவளை ஏதாவது சாக்குச் சொல்லி அழைத்து வந்தால் போதும்.

உன் தங்கை

&nbsp;

மார்ச் 2

சின்னவளுக்கு,

சத்து ஊசி.

நான் சட்டைக்குக் காலர் வைத்துத் தைக்கிறவள். ஒரு காலரைத் திருப்பி வைத்தால்கூட சூப்பர்வைசர் கூப்பிட்டு, இந்தா பார், இப்படி வைத்திருக்கிறாய் என்று காட்டிவிட்டுத்தான் பிரிப்பாள். துணிக்கு இருக்கிற மரியாதை என் உடம்புக்கு இல்லையாடி? என் சமையலறையில், என் முக்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "கையக் காட்டுக்கா" என்றாய். காட்டினேன். உள்ளே என்ன போகிறது என்று கேட்கவில்லை. உன்னை என்ன கேட்பது? வலிக்கிறதா என்று ஊதினாய். அதற்கு உனக்கு ஆசி வேறு சொன்னேன்.

என்னைக் காப்பாற்றினாயாம். சரி. காப்பாற்றினாய். ஆனால் என்னிடம் சொல்லியிருந்தால் நான் அவரைக் காப்பாற்றியிருப்பேன். மாத்திரையைக் கருவிப் பெட்டியில் ஒளித்து வைக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. காலையில் டீ ஒரு கையிலும் மாத்திரை ஒரு கையிலுமாக நிற்பேன். விழுங்காமல் பணிமனைக்குக் கிளம்பிவிடுவாரா? நான் விடுவேனா? வாயைத் திறக்கச் சொல்லத்தான் எனக்குத் தெரியுமே. தெரிந்து சொல்லவேண்டியதை, தெரியாமல் சொன்னேன்.

நான் தப்பாக நினைப்பேன் என்று அவர் பயந்தாராம். நினைத்திருப்பேன். ஒரு வாரம் கத்தியிருப்பேன், பாத்திரத்தை எறிந்திருப்பேன். அப்புறம் டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பேன். கத்துகிறவள் கைவிடமாட்டாள் என்று அவருக்குத்தான் தெரியவில்லை, என் கூடப் பிறந்த உனக்குமா தெரியவில்லை?

இப்போது உன் விதிக்கு வருகிறேன். பெற்ற தாயிடம்கூடச் சொல்லக்கூடாது என்று எழுதியிருக்கிறாய். நல்ல விதி. நான் ஒன்று கேட்கிறேன். அம்மா வீட்டில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். அவருக்கு மட்டும் பூப்போட்ட பீங்கான் கப். அது எப்படி வந்தது?

நான் அதை மரியாதை என்று நினைத்தேன். தையல் கம்பெனியில் போய்ப் பெருமை அடித்தேன், எங்கள் அம்மா மருமகனுக்கென்று தனிக் கப் வாங்கி வைத்திருக்கிறாள் என்று. கொஞ்ச நாளில் அவர் அம்மா வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். எவ்வளவு சண்டை போட்டேன். "எங்கம்மா உங்களுக்குன்னு தனியா கப்பு வெச்சு மரியாதை பண்றா, உங்களுக்கு அவ்வளவு திமிரா?" என்றேன். "அந்தக் கப்புக்காகத்தான் வரல" என்றார். எனக்குப் புரியவில்லை. உங்களுக்குக் கொழுப்பு என்றேன்.

நேற்று அம்மாவிடம் நேராகப் போய்க் கேட்டேன். முதலில் காது கேட்காத மாதிரி இருந்தாள். அப்புறம், "சின்னவதான் சொன்னா. நான் என்ன பண்ணட்டும்? வீட்ல நாலு பேர் புழங்கற எடம்" என்றாள். அந்தக் கப்பைத் தனியாக வெந்நீர் ஊற்றி வெளிக்குழாயில் கழுவுவாளாம். அதை ஒருநாள் அவர் பார்த்துவிட்டாராம்.

ஆக, உனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், ஒரு கப்புக்குத் தெரியும். கூடப் படுத்து எழுந்தவளுக்குத் தெரியாது. இதுதான் உங்கள் விதியா?

குட்டியை விடு. அவளிடம் நீ ஒன்றும் பேசாதே. பிள்ளைத்தாய்ச்சி. அப்பா போன துக்கமே இன்னும் தீரவில்லை. அவளுடைய மாமியார் ஜெராக்ஸ் கடைக்காரி, ஒன்று சொன்னால் நாலு காப்பி போடுவாள். அந்த வீட்டில் என் பெண்ணுக்கும் ஒரு கப் வாங்கி வைக்கவா? வேறு பெயர் போட்டு எடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம். உன் கையில் என் பெண்ணின் ரத்தத்தைக் கொடுக்க மாட்டேன்.

அக்கா

&nbsp;

மார்ச் 9

அக்கா,

அம்மாவிடம் சொன்னது நான்தான். தனியாகச் சுமக்க முடியவில்லை. சாப்பாட்டில், தண்ணீரில், டம்ளரில் இது ஒட்டாது என்று பத்துத் தடவை சொன்னேன். அம்மா பத்துத் தடவையும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் கடைக்குப் போய்க் கப் வாங்கி வந்தாள். அதைப் பார்த்தபோதே எடுத்து உடைத்திருக்க வேண்டும். உடைத்தால் நீ ஏன் என்று கேட்பாய். அதனால் உடைக்கவில்லை. விதி என்று நான் எழுதியது பாதிதான் உண்மை. மீதி, உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நீ மாமாவின் வாயை மோந்து பார்த்த ஒருநாள் நானும் உன் வீட்டில் இருந்தேன். அவர் வாயைத் திறந்தபடியே உன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. எனக்கு அப்படித்தான் தோன்றியது. இப்போது யோசித்தால், சொல்லிவிடு என்று கெஞ்சினாரோ என்னவோ.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. நீ திட்டவேண்டிய இன்னொருவர் இப்போது உயிரோடு இல்லை. அவருக்கும் சேர்த்து நான் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவளிடம் சொல்லாதே, அந்த வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று எழுதியிருக்கிறாயே, இதையேதான் அக்கா அன்று மாமா என்னிடம் சொன்னார். வார்த்தைகூட மாறவில்லை. நான் கேட்டுக்கொண்டேன். என்ன ஆயிற்று என்று பார்த்தாய்.

என்னிடம் வர வேண்டாம். எந்த ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் போ. அவள் ஏழாம் மாதத்துக்கு வந்துவிட்டாள்.

உன் தங்கை

&nbsp;

மார்ச் 17

சின்னவளுக்கு,

கடிதம் வந்தது. படித்தேன்.

உனக்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று காகிதம் கிழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை குட்டி வீட்டுக்குப் போகிறேன். உனக்காக இல்லை.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 1

சின்னவளுக்கு,

முதல் ஞாயிறு போனேன், சொல்லவில்லை. அவளுக்குத் தலை பின்னிவிட்டு, வீங்கின காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். சம்பந்தி கடைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை யாரோ கொடுத்த ஃப்ரிட்ஜைக் கூடத்தில் படுக்கப்போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் வெங்காயம் உரித்தேன். தேவைக்கு மேல் உரித்துவிட்டேன்.

குட்டி என் கையிலிருந்து கத்தியை வாங்கினாள். "அம்மா, நீ எதையோ முழுங்கிட்டு உக்காந்திருக்க. துப்பிடு" என்றாள்.

"மாப்பிள்ளை இருக்காரு" என்றேன்.

"அவர எங்க போகச் சொல்ற, ஃப்ரிட்ஜுக்குள்ளயா? சொல்லு."

மாப்பிள்ளை ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். சொன்னேன். நீ எழுதினதையெல்லாம் சொன்னேன். கோடு விழுவது, குழந்தைக்கு இரண்டு ஊசி, எல்லாம். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

அவள் அழவில்லை. ஒவ்வொருவராகக் கேட்டாள்.

"அப்பாவுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"சித்திக்கு?"

"தெரியும்."

"பாட்டிக்கு?"

தலையாட்டினேன்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"போன மாசம் சித்தி எழுதினா."

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கட்டில் ஓரத்தில் நின்று நான் உன்னைப் பார்த்தேனே, அந்த மாதிரி என்னைப் பார்த்தாள். உனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததால் உன்மேல் இருக்கிற கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. இரண்டும் தனித்தனி.

மாப்பிள்ளை கழற்றிப் போட்ட ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். என் உயிர் என்னிடம் இல்லை. அப்புறம், "எனக்கும் பாக்கணும்ல? அந்த ஊசி ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டார். ஆறடி ஆள். குட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் அழுதாள்.

ராத்திரி அங்கேயே தங்கினேன், மறுநாள் காலையில் மூவரும் கிளம்பினோம். சம்பந்தி வாசலை மறித்தாள். "எங்க மூணு பேரும்?" என்றாள். நான் கோயில் குளம் என்று ஏதோ இழுக்கப் பார்த்தேன். மாப்பிள்ளை செருப்பு மாட்டிக்கொண்டே, எதற்குப் போகிறோம் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவள் குட்டியை மேலும் கீழும் பார்த்தாள். "நாந்தான் மொதல்ல பாத்துக்கணும். ஒரே குளியலறைதான?" என்று சொல்லி எங்களுக்கு முன்னால் போய் ஆட்டோவில் உட்கார்ந்தாள். அன்பா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. வந்தாள், அதுதான் வேண்டியது.

குட்டி மறுபடி மயங்கினாள். ஆனால் இந்தத் தடவை படுக்கவைத்தே எடுத்துவிட்டார்கள்.

சம்பந்திக்கு இல்லை. மாப்பிள்ளைக்கு இல்லை, தடுப்பூசி போட்டாயிற்று. நம் குட்டிக்கு இருக்கிறது.

அன்று சாயங்காலம் சம்பந்தி குட்டியின் துண்டை எடுத்துத் தனிக் கொடியில் போட்டாள். குட்டி போய் அதை எடுத்துப் பழைய கொடியிலேயே போட்டாள். "துண்டுல ஒட்டாது அத்தை. ரத்தத்துலதான். டாக்டர் சொல்லும்போது நீங்களும் உக்காந்திருந்தீங்க" என்றாள். சம்பந்தி மறுபடி எடுக்கவில்லை. என் பெண்ணுக்கு அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று நினைத்தேன். அவள் அப்பாவுக்கு அதில் கால்வாசி இருந்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பார்.

இனி என்ன செய்ய வேண்டும் என்று எழுது. என்மேல் பாசம் காட்டி எழுதாதே. செய்ய வேண்டியதை மட்டும் எழுது.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 8

அக்கா,

நீ கேட்டபடி செய்ய வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

குட்டியின் ரத்தத்தில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்று இன்னொரு சோதனை எடுக்கச் சொல். அதிகமாக இருந்தால் கடைசி மாதங்களில் மாத்திரை கொடுப்பார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, தயங்காமல் சாப்பிடட்டும். பிரசவம் பார்க்கிற இடத்தில் முன்னாலேயே சொல்லி வை. ஊசி இரண்டும் அவர்களிடம் இருக்கிறதா என்று கேள், இல்லையென்றால் வரவழைக்கச் சொல். குழந்தை பிறந்ததும், ஒரு நாளைக்குள், இரண்டு ஊசியும் போட வேண்டும். ஒரு தொடையில் ஒன்று, மறு தொடையில் ஒன்று. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தாய்ப்பால் கொடுக்கலாம். கொடுக்கக்கூடாது என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஷிஃப்ட் மாறும்போது புதிதாக வருகிற நர்ஸுக்குத் தெரியாமல் போகலாம், ஒவ்வொருவரிடமும் திரும்பச் சொல். பிரசவத்துக்குப் பிறகு குட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். மாமா மாதிரி விட்டுவிடக்கூடாது.

முடிந்தது. கீழே இருப்பது செய்ய வேண்டியது இல்லை. படிக்காமல் விட்டாலும் சரி.

நான் அந்த நேரத்தில் அங்கே இருக்கலாமா? வாசலில் நிற்கிறேன். அம்மாவும் வர வேண்டும் என்கிறாள்.

சின்னவள்

&nbsp;

ஜூன் 14

சின்னவளுக்கு,

பெண் குழந்தை. பன்னிரண்டாம் தேதி காலையில் பிறந்தது. உன்னை வரச்சொல்லிப் பதில் போடவில்லை. நீ வரவில்லை. அது நல்லதுதான். எனக்கு அன்றைக்கு ஒரு வேலை இருந்தது, நீ இருந்தால் அதை உன்னிடம் தள்ளிவிட்டு ஓரமாக நின்றிருப்பேன்.

ஒவ்வொருவரிடமும் திரும்பச் சொல் என்று எழுதியிருந்தாயே. முதல் நர்ஸிடம் காதோடு காதாகச் சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. "என்னம்மா, வாய்க்குள்ளயே பேசறீங்க?" என்றாள். அப்புறம் கத்தியே சொன்னேன். "என் பொண்ணுக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கு. கொழந்த பொறந்ததும் ரெண்டு ஊசி போடணும். வெச்சிருக்கீங்களா?" வார்டு முழுக்கத் திரும்பியது. பக்கத்துக் கட்டில்காரி தன் பிளாஸ்க்கை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள். நகர்த்தட்டும். சாயங்காலம் ஆள் மாறினார்கள், அவளிடமும் கத்தினேன். துடைக்க வந்தவளிடமும் சொன்னேன். "எங்கிட்ட ஏம்மா சொல்றீங்க, நான் தொடைக்கறவ" என்றாள். "தெரிஞ்சிருக்கட்டும்" என்றேன். அவள் உட்கார்ந்து, அது எப்படி வரும், தன் வீட்டுக்காரருக்குப் பார்க்கலாமா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

குழந்தையைத் துடைத்த ஈரம் காயும் முன்னால் ஊசி போட்டார்கள். ஒரு தொடையில் ஒன்று, மறு தொடையில் ஒன்று. என் கண் முன்னாலேயே. இது என்ன ஊசி, இது என்ன ஊசி என்று இரண்டு தடவையும் கேட்டேன். நர்ஸ் சலித்துக்கொள்ளாமல் சொன்னாள். குழந்தை ஊரைக் கூட்டியது. தொண்டை அவள் அம்மாவுடையது.

கூட்டம் குறைந்த பிறகு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவரைத் திட்டினேன். செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். என்ன செய்வது, கட்டிக்கொண்டது அவரைத்தானே. என்னை நம்பவில்லையே நீங்கள் என்றேன். பொய்யாக முதுகு வலிக்கிறது என்று தரையில் கிடந்தீர்களே, நான் உங்களைத் தள்ளி வைத்துவிடுவேன் என்று நினைத்து நீங்களே தள்ளிப் போனீர்களே என்றேன். இன்னும் திட்டி முடிக்கவில்லை. அவர் பங்குக்கும் சேர்த்து வாங்கிக்கொள்கிறேன் என்று நீ எழுதியிருந்தாய். முடியாது. அவருடையது அவருக்கு. உன்னுடையது உனக்கு.

உன்னுடையது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். நீ அவர் சொன்னதைக் கேட்டாய், அதை விட்டுவிடுகிறேன். அம்மாவிடம் சொன்னாய், ஆற்றாமை, அதையும் விட்டுவிடுகிறேன். ஆனால் எவளாவது இருப்பாளோ என்று உன்னிடம் வந்து நின்றேனே, அப்போது சிரித்தாயே, அதை என்னால் விட முடியவில்லை. அந்தச் சிரிப்பை நம்பிக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன். மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதிப் போடலாம். எழுதினால் பொய். இந்தக் குடும்பத்தில் பொய் போதும்.

குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் ரத்தம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஊசி வேலை செய்ததா இல்லையா என்று அப்போதுதான் தெரியுமாம். குட்டி, "சித்திதான் எடுக்கணும், வேற யாரும் கொழந்தையத் தொடக்கூடாது" என்று ஒரே பிடிவாதம். நான் தடுக்கவில்லை. அது அவள் பிள்ளை.

அதனால் அப்போது வா. அம்மாவும் வரட்டும். எடு. சோதனை செய். முடிவு தெரிந்ததும் யாரையும் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கோ மாடிப்படிக்கோ கூப்பிடாதே. குட்டியிடம் கேட்டுவிட்டேன், அவளும் மாப்பிள்ளையும் சம்மதித்துவிட்டார்கள். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நீ நடுவில் நின்று, இருந்தால் இருக்கிறது என்று சொல், இல்லாவிட்டால் இல்லை என்று சொல். சத்தமாகச் சொல். நான் கடைசியில் சுவர் ஓரமாக நிற்பேன். அங்கே வரைக்கும் கேட்க வேண்டும்.

அக்கா